எங்கள் தெருவில் ஒரு காவிரி

மைசூருக்கு வந்த புதிதில் வீடு பார்க்கப் போயிருந்தோம். வருஷம் 2007. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பாட்டி எங்களைப் பார்த்ததும் எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "பன்னி, பன்னி" என்றார். வீட்டம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கன்னடத்தில் 'வாங்க' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தரகர் விளக்கிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்த எல்லாக் குடும்பத்திலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும்.

அந்த அஜ்ஜியைப் பற்றியும், ஒரு தண்ணீர் மோட்டாரைப் பற்றியும், இயேசுவின் பின்னால் நடப்பது என்றால் என்ன என்று நாற்பது வயதில் என் மண்டையில் ஏறிய விதத்தைப் பற்றியும் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். கூச்சத்தில் தள்ளிப்போட்டேன். ஏன் கூச்சம் என்று படித்தால் தெரியும்.

அடியேன் நாசரேத் பக்கத்துக்காரன். இஸ்ரவேலில் இருக்கும் நாசரேத் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். தேரி மணலும் பனங்காடுமாகக் கிடக்கும் ஊர். அங்கே ஒருவன் விசுவாசியாக இருப்பதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். விடியற்காலையில் கோயில் மணி அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாவிட்டால் மதியத்துக்குள் நாலு பேர் வந்து "என்னல, காய்ச்சலா?" என்று கேட்டுவிடுவார்கள். அசனப் பண்டிகை, கன்வென்ஷன், லெந்து நாள் கூட்டம் என்று வருஷம் முழுக்க ஊரே நம்மைத் தூக்கிச் சுமக்கும். தூக்கிச் சுமக்கப்படுகிறவன் தானே நடப்பதாக நினைத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொட்டி தட்டும் வேலைக்காக மைசூர் வந்தபோது அந்த ஊரில் ஒரு துண்டை இங்கேயும் கட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை. மாதம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம், முடிந்ததும் இட்லி, சாம்பார், கேசரி. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். பொடி வகைகளும் கருப்பட்டியும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும். நானும் வேதத்தை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை இரண்டு தடவை வாசித்து முடித்திருந்தேன். 'விசுவாசத்தில் நல்லா வளர்ந்துட்டு வர்றோம்' என்று மனசுக்குள் ஒரு திருப்தி.

நிற்க. இப்போது மோட்டார் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மைசூர் நகரம் குடிப்பது காவிரியும் கபினியும். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். நான் பிறந்து வளர்ந்த இடத்துக்கும் காவிரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காவிரித் தண்ணீரை நான் தினமும் குடிக்க ஆரம்பித்ததே கர்நாடகத்துக்கு வந்த பிறகுதான். ஆனால் 'காவிரி எங்களுது' என்று ஆபீஸ் கேண்டீனில் மேசையைத் தட்டிப் பேசுவதில் நான்தான் முதல் ஆள்.

எங்கள் தெருவில் குழாய் மேலிருந்து வரிசையாக இறங்கி வரும். எங்கள் வீட்டைத் தாண்டினால் அஜ்ஜியின் வீடு. தெருவில் அதுதான் கடைசி. அதாவது கடைமடை.

2016 கோடையில் தண்ணீர் வரத்து சன்னமாகிவிட்டது. சம்ப் பாதிகூட நிறையவில்லை. பிளம்பர் ஒருவர் வழி சொன்னார். குழாய் லைனிலேயே ஒரு சின்ன மோட்டாரை மாட்டிவிட்டால், வருகிற தண்ணீரை உறிஞ்சிக் கொடுத்துவிடுமாம். "தப்பில்லையா?" என்றேன். "எல்லாரும் பண்றாங்க சார்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. மாட்டினேன். சம்ப் நிறைந்தது. வீட்டம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து அஜ்ஜி வாசலுக்கு வந்தார். அவர் வீட்டில் தண்ணீர் வரவில்லையாம், எங்களுக்கு வருகிறதா என்று விசாரித்தார். நான், ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசிக்கும் நான், அவர் முகத்தைப் பார்த்து "கொத்தில்லா அஜ்ஜி" என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டிருந்த கன்னடம் அவ்வளவுதான். தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தையையும் பொய் சொல்லத்தான் பயன்படுத்தினேன்.

அதன் பிறகு அவர் தெருமுனை கைப்பம்பிலிருந்து பிந்திகையில் தண்ணீர் எடுத்து வருவதைப் பல காலைகளில் பார்த்திருக்கிறேன். பிந்திகை என்றால் இங்கே குடம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் பைக்கை உதைத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவேன்.

அந்த வருஷம் மழையும் பொய்த்தது. செப்டம்பர் 5ஆம் தேதி, தமிழ்நாட்டுக்குப் பத்து நாட்கள் விநாடிக்கு 15,000 கன அடி தண்ணீர் திறந்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவு போட்டது. மண்டியாவில் மறியல், பந்த். 12ஆம் தேதி திங்கட்கிழமை அந்த உத்தரவை 12,000 கன அடியாக நீதிமன்றம் மாற்றிய அன்றைக்குப் பெங்களூர் பற்றி எரிந்தது. ஒரே பணிமனையில் நின்ற முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பேருந்துகளைக் கொளுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். நம் பக்கமும் கை சுத்தமில்லை. சென்னையில் கர்நாடகத்தார் நடத்தும் ஹோட்டல் ஒன்றில் பெட்ரோல் குண்டு வீசினார்கள், ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டி வந்தவர்களை அடித்தார்கள். 1991 டிசம்பரில் இதே காவிரிக்காகக் கர்நாடகத்தில் தமிழர்கள் பட்டதை நேரில் பார்த்த பெரியவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. அவர்கள் அன்று போனில் பேசிய குரலில் இருந்த நடுக்கத்தை என்னால் மறக்க முடியாது.

என் வீட்டு வாசலில் டி.என். 69 என்று பதிவெண் போட்ட கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்த வருஷம்தான் அத்தான் தன்னுடைய பழைய காரை எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். காம்பவுண்டுக்குள் நிறுத்த இடம் கிடையாது. ஊரிலிருந்து அம்மா போன் மேல் போன். "வண்டிய எங்கல விட்டிருக்க? பிள்ளைய வெளிய விடாத. ஜெபம் பண்ணிட்டே இருல."

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கேட்டைத் தட்டும் சத்தம். அஜ்ஜி. உள்ளே வரக்கூட இல்லை. காரைக் கை காட்டி, "ஒளகடே நில்சி" என்றார். உள்ளே நிறுத்து. எங்கே உள்ளே என்று நான் விழித்தபோது, தன் வீட்டு கேட்டை ஏற்கெனவே திறந்து வைத்திருந்ததைக் காட்டினார். பெங்களூரில் இருக்கும் மகன் வந்தால் நிறுத்துகிற ஷெட். காரை விட்டதும், வடாம் காயப்போடும் பழைய தார்ப்பாயை எடுத்துவந்து, முன்பக்கம் நம்பர் பிளேட் மறையும்படி நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாக இழுத்துக் கட்டினோம்.

ராத்திரி எட்டரைக்கு இரண்டு பைக்கில் நாலு பையன்கள் மஞ்சள் சிவப்புக் கொடியோடு தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

ஒன்பதரைக்குக் குடும்ப ஜெபம். வரிசையாக லூக்கா வாசித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு 9ஆம் அதிகாரத்தின் பின்பகுதி. எருசலேமுக்குப் போகிற வழியில் சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. கோபம் வந்த யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழித்துவிடும்படி சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து அவர்களைக் கடிந்துகொண்டு, வேறு கிராமத்துக்கு நடக்கிறார்.

மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் முழுக்க டிவியில் பேருந்து எரிவதைப் பார்த்தவள். கேட்டாள்: "யாக்கோபும் யோவானும் பஸ்ஸ எரிக்கச் சொல்றாங்களாப்பா?"

அன்று மத்தியானம் ஒரு வாட்ஸ்அப் செய்தியை நான் நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். மேட்டூர் நிரம்பட்டும், இவர்களுக்கு வெள்ளம் வந்து மூழ்கட்டும் என்கிற பொருளில் ஒரு நக்கல். அக்கினிக்குப் பதில் தண்ணீர், வித்தியாசம் அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஜெபத்தை அன்றைக்கு வீட்டம்மாதான் முடித்தாள்.

மறுநாள் லூக்கா 10. நல்ல சமாரியன். முந்தின அதிகாரத்தில் தன்னை வாசலுக்குள் விடாத அதே சாதி ஜனத்தில் ஒருவனை, அடுத்த அதிகாரத்தில் கதையின் நல்லவனாக வைத்துச் சொல்கிறார் இயேசு. ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நூறு தடவை கேட்ட கதை. இரண்டு அதிகாரமும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது அன்றுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் சமாரியனின் இடத்தில் நம்மை வைத்துக்கொள்வோம். ரொம்பத் தாழ்மை வந்தால், அடிபட்டுக் கிடப்பவன் இடத்தில். அன்றைக்கு யோசித்துப் பார்த்தால், எங்கள் தெருவில் நடந்த கதையில் எனக்கு இருந்த இடம் அந்த இரண்டும் இல்லை. அந்த அம்மாவின் தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்த நான் கள்ளர் கூட்டத்தில் ஒருவன்.

அதற்கடுத்த நாள் தண்ணீர் வரும் நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் நின்றேன். போடவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பித்தளைப் பிந்திகையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டு மோட்டாரைக் கழற்றினேன். காரை எடுக்கப் போனபோது, ஆபீஸ் நண்பரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட கன்னட வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறி அஜ்ஜியிடம் சொன்னேன். உங்களுக்குத் தண்ணீர் வராததற்குக் காரணம் என் மோட்டார், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

"கொத்து" என்றார். தெரியும்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்படியென்றால் தெரிந்துதான் திங்கட்கிழமை கேட்டைத் திறந்து வைத்தாரா? ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன். சின்னக் குழந்தை இருக்கிற வீடு, தண்ணீர் ஜாஸ்தி வேண்டியிருக்கும் என்று நினைத்தேன் என்றார். பிறகு, மைசூர்க்காரர்கள் எல்லாரும் கேட்கிற அதே கேள்வி: "ஊட்ட ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா? அவருக்கு விஷயம் அதோடு முடிந்துவிட்டது.

அஜ்ஜி சாமுண்டி மலைக்குப் போகிறவர். சபைக்கு வந்தவர் இல்லை, வரப்போகிறவரும் இல்லை. ஆண்டவரின் அந்த உவமையை எனக்கு நடந்து காட்டியவர் அவர்தான். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. முதன்முதலில் அந்தக் கதையைக் கேட்ட யூதர்களுக்கும் 'சமாரியனா?' என்று தொண்டையில் சிக்கியிருக்கும்.

சரி, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஐயர்மார் வழக்கப்படி மூன்று பாயிண்ட்.

முதலாவது, கேட்கப் பழக வேண்டும். யோவான் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நடுமத்தியானம், களைப்பு, யாக்கோபின் கிணறு. இயேசுவின் கையில் மொள்ள ஒரு பாத்திரம்கூட இல்லை. யூதரும் சமாரியரும் புழங்காத காலத்தில், ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவர் கொடுத்தது அப்புறம், கேட்டதுதான் முதலில். வெளியூரில் வாழும் நாம் இதற்கு நேர் எதிர். நமக்கென்று மளிகைக் கடை, நமக்கென்று சபை, நமக்கென்று நட்பு வட்டம். பக்கத்து வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்க வேண்டிய அவசியம் வராதபடி வாழ்க்கையைக் கட்டிக்கொள்கிறோம். அதற்குத் தன்மானம் என்று பெயரும் வைக்கிறோம். ஒன்றுமே கேட்காதவனோடு எப்படிப் பழகுவது? அஜ்ஜியிடம் "கோடையில் எங்களுக்குத் தண்ணீர் போதவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மோட்டாரே தேவைப்பட்டிருக்காது. இப்போது தண்ணீர் வரும் நாளில் நாங்கள் பாதி நேரம் வால்வை அடைத்து வைக்கிறோம். அவர் தொட்டி நிறைந்ததும் குரல் கொடுப்பார்.

இரண்டாவது, அந்த ஊர் மொழி. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் எல்லாரும் அழைத்துப் போகும் இடம் பிலோமினா கோயிலும் கே.ஆர்.எஸ். அணையும்தான். அந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மனிதர், நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அணை அவர் ஆட்சியில் 1911இல் தொடங்கிக் கட்டப்பட்டது, அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பிலோமினா கோயிலுக்கு 1933 அக்டோபர் 28ஆம் தேதி அடிக்கல் வைத்தவரும் அவர்தான். இந்து ராஜா. கிறிஸ்தவர்கள் இந்த மண்ணில் விருந்தாளிகளாக எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கு அந்த இரட்டைக் கோபுரமே சாட்சி. அதற்கும் முன்பு, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்த லியோனார்தோ சின்னாமி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு, கன்னடம் கற்று அதற்கு இலக்கணமே எழுதினார். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தவர் இலக்கணம் எழுதுகிறார். ஒரே ராத்திரி ரயில் பயணத்தில் வந்த நான் ஒன்பது வருஷத்தில் 'கொத்தில்லா'வோடு நின்றுவிட்டேன். தமிழில் ஜெபிப்பதை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அழ வேண்டுமானால் எனக்குத் தமிழ்தான் வரும். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போய் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லத் தெரியாதவன், பிறனை நேசிக்கிறேன் என்று சொல்வது எப்படிச் செல்லும்?

மூன்றாவது, ஜெபம். வறட்சி வந்தால் எங்கள் வீட்டுக் கூட்டத்தில் மழைக்காக ஜெபிப்போம். கவனித்துப் பார்த்தால் எங்கள் ஜெபத்தில் மேட்டூர் இருக்கும், தஞ்சாவூர் இருக்கும், கடைமடை விவசாயி இருப்பார். மண்டியா விவசாயி இருக்க மாட்டார். அவர் நெல் காய்ந்தாலும் காய்ச்சல்தானே? இரண்டு பேருக்கும் தண்ணீர் குடகில் பெய்கிற ஒரே மழையிலிருந்து வருகிறது. நல்லவன் கெட்டவன் பார்க்காமல் மழை பெய்யப் பண்ணுகிறவர் பிதா என்று மலைப்பிரசங்கத்தில் அவர் சொன்னதை நாம் நம்புகிறோம் என்றால், குடகு மழையைப் பங்கு போட்டு ஜெபிக்க முடியாது. 2023இல் மறுபடியும் வறட்சி, மறுபடியும் தகராறு, செப்டம்பர் 29ஆம் தேதி கர்நாடகம் முழுக்க பந்த். அந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். நான் முதலில் மண்டியாவுக்காக ஜெபித்தேன். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் அஜ்ஜியின் அண்ணனுடைய வயலுக்காகவும். 'ஆமென்' கொஞ்சம் சுருதி இறங்கித்தான் வந்தது.

சாப்பிடும்போது ஒரு அண்ணாச்சி, "என்ன தம்பி, கன்னடத்தானாவே மாறிட்டீங்க போல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் சுருக்கென்றது. ராத்திரி யோவான் 8 ஞாபகம் வந்தது. எதிராளிகள் இயேசுவை, நீ சமாரியன், உனக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று ஏசுகிறார்கள். அவர் இரண்டாவதை மட்டும் மறுக்கிறார். முதலாவதற்குப் பதிலே சொல்லவில்லை. அந்தப் பெயர் அவருக்கு அவமானமாகவே படவில்லை போலும்.

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். 'அப்போ நம்ம உரிமையை விட்டுக்கொடுத்துரணுமா?' இல்லை. தண்ணீரில் நியாயம் கேட்பது தப்பே இல்லை. தஞ்சாவூர் விவசாயி கேட்பது பிச்சையும் இல்லை. 1924 ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 பிப்ரவரியில் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதே வருஷம் அமைந்த மேலாண்மை ஆணையம், எல்லாம் வேண்டும். டி.எம்.சி. கணக்கை அவர்கள் தீர்க்கட்டும். ஆனால் என் வீட்டுக்கும் அஜ்ஜி வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவருக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதித் தராது. அங்கே நான் என்ன செய்கிறேன் என்றுதான் என் ஆண்டவர் என்னிடம் கேட்பார். மாநிலத்துக்கு மாநிலம் நியாயம் பேசிய நான், என் சொந்தத் தெருவில் மேல்மடைக்காரனாக இருந்தபோது கடைமடைக்கு என்ன செய்தேன்? சந்தர்ப்பம் கிடைத்த முதல் நாளே மோட்டார் மாட்டினேன். இதை ஒத்துக்கொள்ளாமல் காவிரியைப் பற்றி நான் பேசுகிற பேச்செல்லாம் வெறும் சத்தம்.

விசுவாசத்தில் வளர்வது என்பதை நாம் எதை வைத்து அளக்கிறோம்? எத்தனை அதிகாரம் வாசித்தோம், எத்தனை நாள் உபவாசம் இருந்தோம், கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள். நல்லவைதான். நான் அதிலெல்லாம் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு இப்போது அளவுகோல் யோவான்தான். லூக்கா 9இல் சமாரியர் மேல் அக்கினி இறங்கக் கேட்டவர். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், சமாரியாவில் ஜனங்கள் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு, எருசலேமிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார்கள். பேதுருவும் யோவானும். அதே யோவான். எரிக்கக் கேட்ட ஜனத்தின் தலைமேல் கை வைத்து ஜெபிக்கிறார். திரும்பும் வழியில் சமாரியக் கிராமங்கள் பலவற்றில் நின்று பேசிவிட்டுத்தான் ஊர் போகிறார்கள். ஒருவேளை முன்பு கதவைச் சாத்திய அந்தக் கிராமமும் அதில் ஒன்றோ என்னவோ. இடையில் அவருக்குள் நடந்ததைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். நான் அந்தப் பாதையில் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், வாட்ஸ்அப்பில் இப்போது எதையும் அனுப்புவதில்லை. வந்ததைப் படித்தால் மனசுக்குள் இன்னும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

2024 ஜூலையில் கே.ஆர்.எஸ்.ஸும் நிரம்பியது, மேட்டூரும் நிரம்பியது. அஜ்ஜியைக் காரில் அழைத்துக்கொண்டு அணை பார்க்கப் போனோம். கார் இப்போது கே.ஏ. பதிவெண்ணுக்கு மாறிவிட்டது. மதகுகளில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு அஜ்ஜி கேட்டார், இதெல்லாம் உங்கள் ஊருக்கா போகிறது என்று. எங்கள் ஊர் வேறு ஆறு அஜ்ஜி, எங்களுக்கு இந்தத் தண்ணீர் வராது என்று என் ஓட்டைக் கன்னடத்தில் விளக்கினேன். அப்புறம் நீ எதற்கு அப்போது அவ்வளவு கோபப்பட்டாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். வீட்டம்மா பின் சீட்டில் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படித்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் மைசூரில் இருந்தாலும் சரி, மஸ்கட்டில் இருந்தாலும் சரி, இந்த வாரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கொத்து கறிவேப்பிலையாவது. நம் ஆண்டவரும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுத்தான் ஆரம்பித்தார்.

தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறது. வால்வை அடைக்கப் போகிறேன்.